முதல் பானைக்கு ஆள் இல்லை

எனக்கு வயது ஐம்பத்து மூன்று. என் இடது முன்கையில் தோலுக்கடியில் உட்கார்ந்திருக்கும் சினைப்பைச் சில்லுக்கு வயது இருபத்திரண்டு. எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகாமல் நாளாயிற்று. எப்போதடா தலையைச் சாய்ப்போம் என்று நான் பார்க்கிறேன். அது மாதம் தவறாமல் என்னைப் பிழிந்தெடுக்கிறது.

சில்லு என்னவென்று இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கல்லூரி கடைசி வருஷத்தில் ஒரு மத்தியானம் மயக்க மருந்து கொடுத்து, சினைப்பையிலிருந்து மூன்று துணுக்கு வெட்டியெடுத்து உறைய வைப்பார்கள், உறைந்ததற்கு வயது ஏறாது. நாற்பத்தைந்து வயதில், உடம்பு கடையைச் சாத்தப் பார்க்கும் நேரத்தில், முதல் துணுக்கைக் கையில் வைத்துத் தைப்பார்கள். சில்லு சுரக்கிற சுரப்பில் கருப்பை ஏமாந்து, நாம் இன்னும் குமரிதான் என்று நினைத்துக்கொள்ளும். அது ஏழெட்டு வருஷம் ஓடும். அப்புறம் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. எழுபது வரைக்கும் தீட்டு நிற்காது. அரசாங்கக் காப்பீட்டிலேயே சேர்த்துவிட்டதால் இதில் ஏழை, பணக்காரி என்ற வித்தியாசமும் கிடையாது.

நன்மையே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். என் அம்மா அறுபத்தெட்டு வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு விட்டுப்போயிற்று, படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. என் வயதுக்காரிகளில் அப்படி விழுந்தவளை நான் பார்த்ததில்லை. எலும்பு தேயவில்லை, இதயம் கெடவில்லை, ராத்திரி தூக்கம் வருகிறது. சில்லைக் கண்டுபிடித்தவர்களை நான் ஒருநாளும் திட்ட மாட்டேன்.

திட்ட வேண்டிய ஆட்கள் வேறே. ஆஸ்பத்திரி எங்களுக்கு இளமையை நீட்டிக் கொடுத்தது. வீடு தீட்டையும் சேர்த்து நீட்டிக்கொண்டது. எங்கள் வீடு பாளையங்கோட்டையில் இருக்கிறது. அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே அடுக்களை. என் வீட்டுக்காரரின் அண்ணன், நான் பெரிய அத்தான் என்று கூப்பிடுகிறவர், எங்கள் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குத் தர்மகர்த்தா. நிலாவில் ஆய்வுக்கூடம் கட்டி ஆள் குடியேறியாகிவிட்டது, எங்கள் வீட்டில் தீட்டு வந்தவளுக்கு மாதத்துக்கு மூன்று நாள் மாடி அறைதான். சமையல் மெஷின் ஒன்றை நான் தவணையில் வாங்கி வந்தேன். "சாமி காரியம் பாக்குதவன் மிஷின் பொங்குன சோத்தைத் திங்கக் கூடாது" என்று அத்தான் சொல்லிவிட்டார். அது பரணில் கிடக்கிறது.

அத்தானின் மனைவி ஹரிணி அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பார்த்தால் நாற்பத்தைந்துதான் சொல்வார்கள். அவள் மாடிக்குப் போகும் நாட்களில் கீழே நான் பொங்குவேன், நான் போகும்போது அவள். வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான் என்பதை அந்த அடுக்களை ஒருநாளும் கணக்கில் எடுத்ததில்லை.

என் வேலை கயத்தாறுப் பக்கம், காற்றாலையில். கோபுரத்துக்குள்ளே முக்கால் தூரம் லிப்ட் போகும், மிச்சம் ஏணி. உச்சியில் பெட்டி போல ஓர் அறை இருக்கும். அதற்குள் குனிந்து, நட்டும் போல்ட்டும் முடுக்கி, எண்ணெய் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். அங்கே போனை அணைத்துவைக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவன் நன்றாக இருக்கட்டும். வேலை ஒரு மணியில் முடிந்துவிடும். ஒரு போல்ட் சிக்கிக்கொண்டது என்று கீழே சொல்லிவிட்டு, மேல் மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். வீட்டிலிருந்து யாரும் கூப்பிட முடியாது. நான் உலகத்தில் அதிகம் ஆசைப்பட்ட இடம் அதுதான்.

அங்கே வைத்துத்தான் கார்த்திகையில் முதல் தடவை வந்தது. காற்று ஊளையிடுகிறது, எனக்கோ நெஞ்சிலிருந்து தீப்பிடித்த மாதிரி ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, காது, மண்டை எல்லாம் ஏறிற்று. சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. இரண்டே நிமிஷத்தில் குளிரெடுத்தது. சில்லு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று புரிந்தது. அழுகை வரவில்லை. அப்பாடா என்றிருந்தது, அதுதான் உண்மை.

அதே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய அத்தான் எங்களைக் கூடத்துக்குக் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் ரோஷன் செய்தித்தாளை மடித்துவிட்டு வந்தார். அக்கா காப்பித் தட்டோடு சுவரோரம் நின்றாள்.

"வர்ஷினி, ஒரு காரியம். தப்பா எடுத்துக்கிடாத."

"சொல்லுங்க அத்தான்."

"தங்கபுஷ்பம் சித்தி போயிட்டாவ. பங்குனி உத்திரத்துக்கு முதல் பானைக்கு ஆளு வேணும்லா?"

தங்கபுஷ்பம் என் மாமனாரின் தம்பி மனைவி. ஐப்பசியில்தான் இறந்துபோனாள். பங்குனி உத்திரத்தன்று எங்கள் வகையறா முழுதும் சாஸ்தா கோயிலில் கூடிப் பொங்கலிடும். முதல் பானை பொங்கி வழிந்த பிறகுதான் மற்றவர்கள் அடுப்புப் பற்றவைக்கலாம். அந்த முதல் பானையை மாதாமாதம் தீட்டு வருகிற பெண் தொடக் கூடாது, தீட்டு நின்றவள்தான் ஏற்ற வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சின்னத்தைதான் ஏற்றிப் பார்த்திருக்கிறேன். அவள் காலத்தில் சில்லு கிடையாது.

"நம்ம வகையறா அம்புட்டு வீட்டுலயும் விசாரிச்சாச்சு" என்றார் அத்தான். "ஒருத்தி கூட நின்னவ கிடையாது. எல்லாவளும் சில்லு வெச்சிருக்காளுவ. வைக்காததுவ எல்லாம் படுத்த படுக்கை. உனக்குத்தான் முதல் சில்லு முடியப்போவுதுன்னு தம்பி சொன்னான். ரெண்டாவது வைக்காண்டாம். சாஸ்தாவே உன்னைக் கேக்காருன்னு வெச்சுக்கோயேன்."

முப்பது வருஷத்தில் 'மாதவிடாய்' என்ற வார்த்தையை வாயால் உச்சரிக்காத மனிதர். எவளுக்கு ஓடுகிறது, எவளுக்கு நின்றது என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு வந்திருக்கிறார்.

"அண்ணே, அவளுக்கு வேலைக்குச் சில்லு வேணும்" என்றார் ரோஷன். "எலும்பு டெஸ்டுல பாஸாகலன்னா டவர்ல ஏத்த மாட்டான். அதோட..." என்று என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"அதோட?" என்றேன்.

"இல்ல, நின்னுட்டா மனுசி சிடுசிடுன்னு ஆயிருவாள்ன்னு சொல்லுதாவ. எங்க ஆபீசுல ஒரு அம்மா, சில்லு வேண்டாம்னுட்டு, மேனேஜரைப் போட்டு அந்தத் திட்டு திட்டிட்டாவ."

"மேனேஜர் என்ன செஞ்சான்?"

"அது தெரியல."

பார்த்தீர்களா, அது தெரியாது. எனக்குக் கோபம் எப்போதும் இருந்தது. இருபத்தைந்து வயதிலும் இருந்தது, நாற்பதிலும் இருந்தது. அதை மென்று முழுங்கினேன். அதற்குப் பக்குவம் என்று பெயர் வைத்தார்கள். சில்லு விளம்பரத்தில்கூட அதைத்தான் போடுகிறார்கள், நாற்பதின் உடம்பு, அறுபதின் பக்குவம் என்று.

"ஹரிணிய இறக்கலாம்தான்" என்றார் அத்தான், கொஞ்சம் பெருமையாகவே. "அவளுக்கு ரெண்டாவது சில்லு இன்னும் மூணு வருஷம் ஓடும்லா. நல்லா இருக்கதை எதுக்குக் கெடுக்கணும்?"

அக்கா தட்டைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனும் தம்பியும் என் முன்கையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். உனக்கு என்ன வேணும் என்று ஒரு வாய் கேட்கவில்லை. நான் எழுந்துபோய்த் தோசைக்கல்லைப் போட்டேன். அன்றைக்கு எல்லாத் தோசையும் கருகிற்று, வேண்டுமென்றுதான் கருக்கினேன்.

அதற்குப் பிறகு தூக்கம் போயிற்று. சூடு வந்து எழுப்பும், குளிர் வந்து எழுப்பும், இரண்டும் இல்லாத நேரத்தில் முழங்கால் வலி. அலுவலகத்திலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள்: தை முடிவதற்குள் இரண்டாவது சில்லு வைத்தால் கோபுரம், இல்லையென்றால் கீழே கண்ட்ரோல் ரூமில் நாற்காலி. நான் சில்லு வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். உடம்புக்கு ஆசையில்லை. அந்த உச்சிப் பெட்டியை விட மனசில்லை. பானையாவது கீனையாவது, சாஸ்தா வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

மார்கழியில் அக்கா மாடிக்குப் போனாள். நான் வேலை முடிந்து வந்து, சோறு வடித்து, கோயில் விஷயமாக வந்திருந்த நாலு பேருக்கு இலை போட்டு எடுத்துவிட்டு, அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். வாசலில் ஒரு ஸ்டூல் இருக்கும். அதில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு வந்துவிட வேண்டும், அதுதான் வழக்கம். அன்றைக்கு மழைச் சாரலில் ஸ்டூல் நனைந்து கிடந்தது. தோளால் கதவைத் தள்ளினேன்.

உள்ளே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா வெறுந்தரையில் உட்கார்ந்து ஈரத்துண்டைப் பிடரியில் வைத்திருந்தாள். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. ரவிக்கை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது.

"என்னக்கா செய்யுது?"

"ஒண்ணுமில்லட்டி. புழுக்கமா இருக்கு."

"மார்கழி மழையிலயா?"

இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் எனக்கும் புரிந்திருக்காது. இப்போது அந்தச் சூடு எனக்கும் பழகியிருந்தது. அது நெஞ்சில் எங்கே கிளம்பும், எங்கே போய் இறங்கும் என்று தெரியும்.

"எனக்குச் சில்லு தீருது, எனக்கு வருது. உங்களுக்கு ஏங்க்கா வருது? ரெண்டாவது வெச்சு அஞ்சு வருஷம்தான ஆச்சு?"

"கதவைச் சாத்து" என்றாள். சாத்தினேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "பிடிக்கல. ரெண்டாவது என் உடம்புல பிடிக்கல. சீழ் வச்சு எடுத்துட்டாவ. அதோட நின்னு போச்சு."

"அப்போ இந்த அஞ்சு வருஷமா?"

"ஆமா."

"பின்ன எதுக்கு மாசாமாசம் இங்கன வந்து உக்காந்திருக்கிய? கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா?"

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். "அவுககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நாளு வந்துது. சொல்லுததுக்கு முன்னால ஒரே ஒரு தடவை மேல போயிப் படுத்துட்டு வந்திருவோம்னு வந்தேன். மூணு நாளு, வர்ஷினி. ஒருத்தர் கூப்பிடல. காப்பி கேக்கல, சட்டையைக் காணும்னு கேக்கல, வந்தவனுக்கு இலை போடச் சொல்லல. கொண்டு வந்து வச்சாவ, தின்னேன், படுத்தேன். கீழ வந்ததும் சொல்லலாம்னு பாத்தா வாய் வரல. அடுத்த மாசமும் வரல."

"அக்கா!"

"நின்னவளுக்கு லீவு கிடையாதுட்டி. தங்கபுஷ்பம் சின்னத்தையப் பாத்தேல்லா? எல்லாருக்கும் ஓடுது, அவுகளுக்கு மட்டும் நின்னு போச்சு. அதனால எந்த வீட்டு விசேஷம்னாலும் அவுகளைத்தான் அடுப்புல நிறுத்துனாவ. சாவுததுக்கு முந்தின நாள் வரைக்கும் கரண்டியோடதான் நின்னாவ."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "நீங்க இங்கன படுத்திருந்த நாளெல்லாம் கீழ நாந்தானக்கா வடிச்சுக் கொட்டுனேன்? டவர்ல ஏறி எறங்கி வந்து, எனக்கே நிக்க முடியாத அன்னைக்கும்?"

"ஆமாட்டி."

"அத்தான் என் தலையில பானையக் கட்டும்போது காப்பித் தட்டைப் பிடிச்சுட்டு நின்னியளே! ஒரு வார்த்தை சொல்லத் தோணலியா?"

"சொன்னா இந்த ரூமு போயிரும்" என்றாள்.

அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், கத்தித் தீர்த்திருப்பேன். சாப்பாட்டை அவள் முன்னால் வைத்துவிட்டுக் கீழே வந்துவிட்டேன்.

அத்தான் கூடத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். 'உங்க பொண்டாட்டி நின்னு அஞ்சு வருஷம் ஆவுது, அவளே ஏத்தட்டும்' என்று சொன்னால் என் கழுத்திலிருந்து பானை இறங்கிவிடும். நான் சில்லை வைத்துக்கொண்டு நிம்மதியாகக் கோபுரம் ஏறலாம். வாயைத் திறந்தும்விட்டேன்.

"என்ன வர்ஷினி?" என்றார்.

சிக்கிக்கொள்ளாத போல்ட்டைச் சிக்கிக்கொண்டது என்று சொல்லிவிட்டு நான் மேலே உட்கார்ந்திருக்கும் நேரம் நினைவுக்கு வந்தது. அந்த மூடியை வந்து யாராவது அடைத்தால் நான் அவனைச் சும்மா விட மாட்டேன்.

"மோரு வேணுமான்னு கேட்டேன் அத்தான்" என்றேன்.

மறுநாள் அக்கா ஒருநாள் முன்னதாகவே தலைக்குக் குளித்துவிட்டு இறங்கி வந்தாள். அடுக்களையில் என் பக்கத்தில் வந்து நின்று, தேங்காய்த் துருவலை வாங்கிக்கொண்டாள்.

"நானே சொல்லிருதேன்" என்றாள் மெதுவாக. "நானே பானை ஏத்துதேன். நீ சில்லு வெச்சுக்கோ. உன் வேலை எதுக்குப் போணும்? ராத்திரியெல்லாம் யோசிச்சேன், நான் செஞ்சது அநியாயம்தான்."

"அநியாயமேதான்" என்றேன். "அதுக்காவ இப்பப் போயிச் சொல்லாண்டாம். சொன்னா இந்தப் பானை மட்டுமில்ல, ஊர்ல உள்ள பானை அம்புட்டும் உங்க தலையில வந்து விடியும்."

"பின்ன என்ன செய்ய?"

"தெரியல. கொஞ்சம் சும்மா இருங்க. எனக்கு யோசிக்கக்கூடத் தெம்பு இல்ல."

நிஜமாகவே தெம்பு இல்லை. அந்த மாதம் எனக்கும் வந்தது, கடைசியாக ஒரு தடவை, வண்டி நிற்பதற்கு முன்னால் குலுக்குகிற மாதிரி. மாடிக்குப் போனேன். அக்கா வேளாவேளைக்குக் கொண்டுவந்து வைத்தாள், ஸ்டூலில் வைக்காமல் உள்ளேயே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை கால் பிடித்துவிட்டாள். ஒரு நாள் முழுக்கத் தூங்கினேன். கண் விழித்தபோது எனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தது. எனக்கு முடித்துக்கொள்ள வேண்டும். பதின்மூன்று வயதில் ஆரம்பித்தது, போதும். ஆனால் அது சாஸ்தாவுக்காகவும் இல்லை, அத்தானுக்காகவும் இல்லை.

தை பிறந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவும் துணைக்கு வந்து வெளியே உட்கார்ந்தாள். டாக்டர் அகரா சின்னப் பெண், என் மகளாக இருக்கலாம்.

"சில்லு எடுத்துத் தயாரா வெச்சிருக்கோம் மேடம். பத்து நிமிஷ வேலை."

"வேண்டாம்னு சொன்னா என்ன ஆகும், டாக்டர்? மழுப்பாம சொல்லுங்க."

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். "சூடு ரெண்டு மூணு வருஷம் படுத்தும். சிலருக்கு அதுக்கு மேலயும். எலும்பு தேயும், அதுக்கு மாத்திரை, நடை, கொஞ்சம் பளு தூக்குறதுன்னு விடாம பார்த்துக்கணும். இதயத்துக்கு வருஷா வருஷம் பரிசோதனை. மூணு நாலு மாசம் தாண்டிட்டா அப்புறம் மனசு மாறினாலும் சில்லு பிடிக்கிறது கஷ்டம். உங்க வேலைக்கு எலும்பு ரிப்போர்ட் நான் உண்மையைத்தான் எழுதணும். டவர் போயிடும் மேடம்."

"மனசு? சிடுசிடுன்னு ஆயிருவேனாமே?"

"தூக்கமில்லாம யாரா இருந்தாலும் சிடுசிடுன்னுதான் இருப்பாங்க. தூக்கம் சரியானா அதுவும் சரியாகும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "சிலருக்கு அப்புறமும் கோபம் வருது. ஏன் வருதுன்னு கேட்டா, சரியான காரணம்தான் சொல்றாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேண்டாம், டாக்டர். முடிச்சுக்கிடுதேன். ஆனா ஒண்ணு, வீட்டுல... வீட்டுல வெச்சாச்சுன்னு சொல்லணும். எப்படிக் கேக்கதுன்னு தெரியல..."

நான் முடிப்பதற்குள் அவள் மேஜை இழுப்பறையைத் திறந்துவிட்டாள். "வெறும் பிளாஸ்டர்தானே? நீலத்துல ஒட்டுறேன், நிஜமா வெச்சவங்களுக்கு அதுதான். ஒரு வாரம் நனைக்காதீங்க, நனைச்சா உரிஞ்சிடும். கையை நீட்டுங்க."

அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. இழுப்பறைக்குள் பார்த்தேன், பிளாஸ்டர்ச் சுருள் பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது.

"இப்படி எத்தனை பேருக்கு ஒட்டியிருக்கிய?"

"அதையெல்லாம் நான் சொல்லக் கூடாது மேடம்" என்றாள், அழுத்தி ஒட்டிவிட்டு.

வீட்டில் கையைப் பார்த்ததும் அத்தானுக்கு முகம் விழுந்துவிட்டது. "சாமி காரியம்னு சொல்லியும் வெச்சுட்டாளே" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் நன்றாகத்தான் இருந்தது. ரோஷனுக்கு ஒரே சந்தோஷம்.

"பாத்தியா, சில்லு வெச்சதும் நீ எப்படி நிதானமாயிட்டன்னு" என்றார் ஒருநாள். "முன்னால எப்பப் பாத்தாலும் எரிஞ்சு விழுவ."

"ஆமாங்க" என்றேன். "நல்ல சில்லு."

மாசி முதல் வாரம் என்னைக் கீழே இறக்கினார்கள். வீட்டில், சீனியர்களை எல்லாம் கண்ட்ரோல் ரூமுக்கு மாற்றுகிறார்கள் என்று சொன்னேன். கடைசியாக ஏறின அன்று நிஜமாகவே ஒரு போல்ட் சிக்கிக்கொண்டது. முடுக்கி முடித்துவிட்டு மூடியைத் திறந்து உட்கார்ந்தேன். கீழே நிலமெல்லாம் காய்ந்து கிடந்தது, ஒரு ஆட்டுக்கூட்டம் போனது. தனியாக உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். எனக்கு அந்த இடம் வேண்டும். இந்த உடம்பும் வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள் என்று யார் வைத்தது? கீழிருந்து வாக்கிடாக்கியில் மேற்பார்வையாளன் கேட்டான், "என்ன மேடம், இன்னும் போல்ட்டா?" ஆமாம் என்றேன்.

அந்த மாதம், ஒன்றும் வராமலே, நான் நாள் தவறாமல் மாடிக்குப் போனேன். மூன்று நாள். போனை அணைத்துவிட்டுப் படுத்திருந்தேன். கோபுரம் அளவுக்கு உயரமில்லை, காற்றும் அப்படி வராது. இருந்தாலும் யாரும் கூப்பிடவில்லை.

பங்குனி உத்திரம் வந்தது. களக்காட்டுக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் எங்கள் சாஸ்தா கோயில். கோயிலுக்கு நூறடி முன்னாலேயே ஓர் எல்லைக் கல் நிற்கும். தீட்டு உள்ளவர்கள் அதைத் தாண்டக் கூடாது, மருதமரத்தடியில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். நானும் அக்காவும் முந்தின நாளே பேசி வைத்துக்கொண்டோம். வேனை விட்டு இறங்கியதும் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் ஜமுக்காளத்தை விரித்து உட்கார்ந்துவிட்டோம்.

"ரெண்டு பேருக்கும் இன்னைக்கேவா வரணும்?" என்று அத்தான் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

சற்று நேரத்தில் தென்காசி வீட்டு அனன்யா வந்தாள், அறுபது வயது. "எனக்கும் இன்னைக்குத்தான், சவம்" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் வள்ளியூர்க்காரி ஸ்ரீநிதி, அவள் நாத்தனார். அப்புறம் தூத்துக்குடியிலிருந்து வந்த இரண்டு பேர், மடக்கு நாற்காலி, பிளாஸ்க், தலையணை சகிதம். மருதமரத்தடி நிறைந்து, வெயிலுக்கும் ஆட்கள் தள்ளி உட்கார வேண்டியதாயிற்று. எல்லாரும் ஐம்பதைத் தாண்டினவர்கள். உத்திரத்தன்று ஒரே நாளில் இத்தனை பேருக்கா என்று ஆம்பிளைகளில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எங்களில் ஒருத்தியும் இன்னொருத்தியின் கண்ணைப் பார்க்கவில்லை.

உள்ளே முதல் பானைக்கு ஆள் இல்லை. கல்லடுப்புக் கூட்டி, பானைக்கு மஞ்சள் கட்டி, அத்தான் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது எங்களுக்குத் தெரிந்தது. கல்யாணமாகி வந்த சின்னப் பெண்களும் வாய் பார்த்து நின்றார்கள், அவர்கள் தொடக் கூடாதே. வெயில் ஏறியது. பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்தன.

கடைசியில் கோமரத்தாடி மாசானம், சாமியாடுகிறவர், சலித்துப்போய்ச் சத்தம் போட்டார். "என்ன தர்மகர்த்தா, பொழுது அடைய விடவா போறீரு? தீட்டு இல்லாத கை வேணும், அம்புட்டுத்தான? உம்ம கைக்கு என்ன தீட்டு?"

கூட்டம் மொத்தமும் அத்தான் கையைப் பார்த்தது. அப்புறம் அத்தான் மெதுவாகச் சட்டையைக் கழற்றினார், வேட்டியை மடித்துக் கட்டினார். ரோஷன் விறகு எடுத்துக் கொடுத்தார். அடுப்பு பற்ற வைக்கவே அரைமணி நேரம் ஆயிற்று. புகை மூஞ்சியில் அடிக்க இரண்டு பேரும் மாறிமாறி இருமினார்கள். "தண்ணி எம்புட்டு ஊத்தணும்?" என்று அத்தான் யாரையோ கேட்டார், அங்கே நின்ற ஆம்பிளைகளில் யாருக்கும் தெரியவில்லை.

மரத்தடியில் எல்லாரும் விசிறிக்கொண்டிருந்தார்கள். பனையோலை விசிறி, கல்யாணப் பத்திரிகை, சேலைத் தலைப்பு, கைக்குக் கிடைத்தது எல்லாம் விசிறி. முகம் சிவந்து, கழுத்து நனைந்து, பிடரி மயிரை ஒதுக்கி ஒதுக்கித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பங்குனி வெயில், யாருக்குத்தான் வேர்க்காது? எனக்கும் நெஞ்சில் அந்தச் சூடு கிளம்பிற்று. அனன்யா ஒன்றும் பேசாமல் பிளாஸ்க்கிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஊற்றி நீட்டினாள். அவள் முன்கையில் சில்லு தைத்த தழும்பே இல்லாமல் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அவள் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சேலையால் மூடிக்கொண்டாள்.

அப்போது அந்த வாடை வந்தது. அரிசி அடிபிடிக்கிற வாடை. கிண்டாமல் விட்டுவிட்டார்கள், தண்ணீரும் போதவில்லை. அத்தான் கரண்டியைப் பானைக்குள் விட்டு, சூடு பொறுக்காமல் கையை உதறினார். முப்பது வருஷத்துப் பழக்கம், என் கால் தானாக எழுந்துவிட்டது. எல்லைக் கல்லைத் தாண்டி ஓடிப்போய் இரண்டு விறகை இழுத்துவிட்டு ஒரு செம்பு வெந்நீர் ஊற்றினால் காப்பாற்றிவிடலாம்.

ஹரிணி அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருட்டி" என்றாள். "நமக்குத் தீட்டுல்லா."

உட்கார்ந்தேன். விசிறியை எடுத்து அவள் பக்கமாக வீசினேன்.